முந்நூறு தவில் கல்யாணம்

ஏரிக்கரை மருதமரத்தடியில் ஒரு நாரையும் ஒரு குரங்கும் சேர்ந்து கம்ப்யூட்டரில் பாட்டு உருவாக்கி வந்தன. அந்தக் காட்டில் காதுகுத்தோ கல்யாணமோ, எதுவானாலும் அவற்றின் பாட்டுதான்.

நாரையிடம் இருந்தது வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய லேப்டாப். அது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. குரங்கிடம் இருந்தது, தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கறுப்புப் பெட்டி. போட்டவுடன் உள்ளே ஃபேன் உறுமும். இரண்டும் வெவ்வேறு ஜாதிக் கம்ப்யூட்டர்கள். ஆனாலும் ஒரே இசை மென்பொருள் இரண்டிலும் ஓடியது.

யானைத் தலைவர் தன் மகள் அல்லியின் கல்யாணத்துக்கு ஊர்வலப் பாட்டு கேட்டிருந்தார். நாரை தன் லேப்டாப்பில் இருந்த புல்லாங்குழல் ஓசையில் அழகாகத் தொடங்கி, பாட்டைக் குரங்குக்கு அனுப்பியது. குரங்கு திறந்து பார்த்தது. குழலைக் காணோம்.

"அந்தக் குழல் உன் பெட்டியில் வராது. என்னுடையதில் மட்டும்தான் வரும்" என்றது நாரை. "வாங்கும்போதே நல்லதாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்."

குரங்குக்குச் சுருக்கென்றது. "உன் அழகுப் பெட்டியில் பத்துத் தவில் சேர்த்தால் போதும், திக்கித் திணறிவிடும்."

"பத்து என்ன, நூறு சேர்க்கிறேன் பார்."

"நான் இருநூறு சேர்க்கிறேன்."

பாட்டு அப்படியே நின்றது. பந்தயம் தொடங்கியது. எந்தக் கம்ப்யூட்டர் அதிகத் தவிலைத் தாங்குகிறது என்று இரண்டும் தவில்மேல் தவிலாக ஏற்றிக்கொண்டே போயின.

கல்யாணத்தன்று காலையில் அல்லி வந்து எட்டிப் பார்த்தது.

"பாட்டு ஆயிற்றா?"

"இப்போது சோதனை நடக்கிறது. பாட்டு அப்புறம்" என்றது நாரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இந்தச் சோதனை யாருக்கு வேண்டும்? நான் மாலையோடு நடந்து வர ஒரு பாட்டு வேண்டும். அவ்வளவுதான்."

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றது குரங்கு. அல்லி கலக்கத்தோடு திரும்பிப் போனது.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்கு வந்து சேர்ந்தார்கள். "ம், பாட்டைப் போடுங்கள்" என்றார் யானைத் தலைவர்.

பந்தலில் கம்ப்யூட்டர்களோடு உட்கார்ந்திருந்த நாரையும் குரங்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆளுக்கு முந்நூறு தவில் இருந்தது. பாட்டுதான் இல்லை. எதையாவது போட்டாக வேண்டும். அதிலும் மற்றது முந்திவிடக் கூடாதே என்று இரண்டும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கின.

ஒலிபெருக்கிகளில் மலை உருண்டு வருவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. பந்தல் கால் சாய்ந்தது. சமையல் நரி சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் பதுங்கியது. மதம் பிடித்த யானைக் கூட்டம் வருகிறதென்று நினைத்து, மாப்பிள்ளை மாலையோடு ஓட்டம் பிடித்தார்.

அல்லி பின்னாலேயே ஓடி, மூங்கில் புதரில் ஒளிந்திருந்தவரைக் கண்டுபிடித்தது.

"பயப்படாதீர்கள். அது பாட்டுதான்."

"பாட்டா? அப்படியென்றால் நான் வரவே மாட்டேன்."

"நம் கல்யாணத்தில் இனி பாட்டே கிடையாது. போதுமா?"

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "சத்தியமாகவா?"

"சத்தியமாக."

பிறகுதான் அவர் புதரைவிட்டு வெளியே வந்தார். கல்யாணம் சத்தமில்லாமல் நடந்தது. தலைவர் அப்போதே சொல்லிவிட்டார், இனி அந்த இருவரையும் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடக் கூடாதென்று.

கடைசிப் பந்தியில் நாரையும் குரங்கும் தலைகுனிந்து சாப்பிட்டன.

பாயசத்தைக் குடித்துவிட்டுக் குரங்கு மெல்லக் கேட்டது: "ஆனாலும் மாப்பிள்ளை ஓடியது என் பெட்டிச் சத்தத்துக்குத்தானே?"

"உளறாதே" என்றது நாரை. "என்னுடையதுதான் முதலில் கேட்டது."

கருவியின் பெருமையைப் பேசியே பொழுதைப் போக்குகிறவர்கள், எந்த வேலைக்காக அதை வாங்கினார்களோ அந்த வேலையையே கோட்டை விடுவார்கள்.