நீலப் பென்சில்

"சார், குரு சொன்னது தப்புன்னு தெரிஞ்சா சிஷ்யை என்ன செய்யணும்?"

"நீங்க யாரும்மா?" என்று கேட்டார் தேவசகாயம்.

செண்பகவல்லி பேரைச் சொன்னாள். போன வாரமும் சொன்னாள்தான். அதற்கென்ன, இன்னொரு தடவை சொன்னால் வாயா வலிக்கும்?

"நல்ல பேரு," என்றார் அவர். "காபி சாப்பிடுதீங்களா?"

அவ்வளவுதான். கேள்வியை அத்தோடு மறந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐம்பதைத் தாண்டிய பெண்ணை மாணவி என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்துகிறவள் அவள். அங்கே அவள் முகம் சுளித்தால் ஆட்கள் நடுங்குவார்கள். ஆனால் பாளையங்கோட்டையில் இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், மாணவிதான். மூளையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இந்த மனிதர் சொல்லிக்கொடுத்தது.

மறதி நோய் வந்தவர்களின் மூளையில் ஒரு புரதம் படிந்து படிந்து கட்டியாகிவிடும். நினைவைத் தின்பது அந்தக் கட்டிதான் என்று அடித்துச் சொன்னவர் தேவசகாயம். ஆயுசு முழுக்க அதையேதான் சொன்னார். நாடு நாடாகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கடைசியில் அந்த நோய் அவரையே தேடி வந்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்.

செண்பகவல்லியின் வேலை, இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளைகளை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. சில மூளைகளில் கட்டி அப்பிக் கிடந்தது. விசாரித்தால், அவர்கள் சாகிற அன்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள். இன்னும் சில மூளைகளில் கட்டி கொஞ்சம்தான். ஆனால் நரம்பணுக்களுக்குள்ளே வேறொரு புரதம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போய்ச்சேர்ந்தவர்கள் இவர்கள்தான்.

மறுபடி மறுபடி பார்த்தாள். தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள், சாயத்தைச் சந்தேகப்பட்டாள். எப்படிப் பார்த்தாலும் அதேதான். சார் சொன்னது தப்பு.

கட்டுரையை எழுதிவிட்டாள். ஆய்விதழுக்கு அனுப்பத்தான் மனசு வரவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அப்படியே வைத்திருக்கவும் முடியாது. கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்றை, சார் சொன்னதை நம்பி, ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். அந்த ஊசியால் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியும். பலன் உண்டென்றால் துணியலாம். இல்லாத பலனுக்கு எதற்கு?

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். சாரின் மனைவி கிரேஸம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தக் கட்டுரைய அனுப்பட்டுமா?"

கிரேஸம்மா அடுப்பை அணைத்தார். திரும்பவில்லை.

"இவுகளுக்கு எம் பேரு போயிருச்சு. மகன் பேரு போயிருச்சு. சட்டையில பொத்தான் எதுக்கு இருக்குன்னு தெரியல. வெளியில அவுக சம்பாதிச்ச பேரு ஒண்ணுதான் பாக்கி. அதையும் நீயே வந்து எடுக்கணுமா?"

கிரேஸம்மா அடுப்பு மேடையைத் துடைத்தார்.

"அவுக கண்ண மூடட்டும். அப்புறம் என்னவும் பண்ணு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்காரங்க ஊசி போடாம இருக்க மாட்டாங்களே அம்மா."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்க? அவுககிட்ட கேளு."

"கேட்டேன். நீங்க யாருன்னு கேட்டாங்க."

கிரேஸம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதார்கள். பால் ஆடை கட்டியது.

காபியோடு கூடத்துக்கு வந்த செண்பகவல்லி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

கைப்பை திறந்து கிடந்தது. கட்டுரை அவர் மடியில் இருந்தது.

அந்த வீட்டில் எந்தக் காகிதத்தையும் கண்ணில் படும்படி வைக்க முடியாது. செய்தித்தாள், கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நீலப் பென்சிலால் திருத்திவிடுவார். காலமெல்லாம் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திய கை. எல்லாம் போன பிறகும் அது மட்டும் விட்டுப்போகவில்லை.

"வாங்கிரு, வாங்கிரு," என்று கிரேஸம்மா பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

செண்பகவல்லி கையை நீட்டினாள்.

"இரு," என்றார் தேவசகாயம், நிமிராமலே.

இருங்க இல்லை. இரு. எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! அவளுக்குக் கை தானாகக் கீழே இறங்கியது.

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். பக்கத்தைப் புரட்டவே இல்லை. காபி ஆறிப்போயிற்று.

"யாரு இந்தத் தேவசகாயம்?"

கிரேஸம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா என்னவென்று சொல்ல முடியாது.

"அவர்... எங்க ஆசிரியர் சார்."

"கட்டி இருக்கு, புத்தியும் இருக்குன்னு எழுதியிருக்க. நீதானே பாத்தே?"

"நான்தான் சார் பாத்தேன்."

"அப்ப கட்டிதான் எல்லாத்துக்கும் காரணம்னு இந்த ஆளு எப்படிச் சொல்லுதாரு?"

"அந்தக் காலத்துல அவருக்கு அப்படித்தான் தெரிஞ்சுது சார்."

"தெரிஞ்சுதாம்!" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. "பொறவு திரும்பிப் பாக்க வேண்டாமா? மாலையும் பொன்னாடையும் வாங்கிட்டு உக்காந்துட்டாராக்கும். மடப்பய."

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றாள் செண்பகவல்லி. அவளுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் கேட்டமாதிரித் தெரியவில்லை. பென்சில் நுனியை ஒரு சொல்லின் மேல் வைத்தார்.

"இது என்ன, ஒருவேளை? ஒருவேளை அவர் கருத்தை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கலாம்! வழவழா கொழகொழான்னு. நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

"அந்த ஆளுன்னா பயமா?"

"பயம் இல்ல சார். பாவமா இருக்கு."

"அவரப் பாத்துப் பாவப்பட்டா, ஊசி போட்டுக்கிடுற சனத்தப் பாத்து யாரு பாவப்படுவா?"

ஊசியைப் பற்றி முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள். அந்த வரியின் கீழே நீலக் கோடு விழுந்திருந்தது.

பிறகு அவர் அந்த 'ஒருவேளை'யை அடித்தார். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி அடித்தார். ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போடப் போனார். பென்சில் காகிதத்துக்கு மேலேயே நின்றது. போட வேண்டியது என்னவென்று யோசித்தார். கிடைக்கவில்லை. ஒரு சின்னக் கோட்டை இழுத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஆளு உயிரோட இருக்காரா?"

செண்பகவல்லி கிரேஸம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கிரேஸம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"இருக்கார் சார்."

"அப்ப முதல்ல அவருகிட்டக் காட்டு. ஊருக்கு முன்னாடி அவருக்குத் தெரியணும். அதுதான் மரியாதை."

"காட்டிட்டேன் சார்."

"காட்டிட்டியா?" அவர் ஆச்சரியமாக நிமிர்ந்தார். "கோவிச்சுக்கிட்டாரா?"

"கோபப்பட்டார்."

"பொறவு?"

"'ஒருவேளை'ய அடிச்சிட்டார் சார்."

தேவசகாயம் நாற்காலியில் சாய்ந்தார். கழுத்து நரம்பு மெல்ல அடங்கியது. கட்டுரை மடியிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை. கிரேஸம்மா குனிந்து, சிதறிய தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தட்டி அடுக்கி, செண்பகவல்லியின் கையில் கொடுத்தார்.



"நல்ல மனுசனாத்தான் இருக்கணும்," என்றார் தேவசகாயம். யாரோ புதுசாக வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒருநாள் அவர இங்க கூட்டிட்டு வாங்கம்மா. எனக்குப் பாக்கணும்போல இருக்கு."