மடித்த இலை

செல்போனில் தமிழ் எழுத ‘கிறுக்கல்’ என்றொரு கீபோர்டு உண்டு. காசு கிடையாது. உள்ளே அது எப்படி ஓடுகிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம். அதைக் கட்டி மேய்ப்பவர் மதுரை சகாயமேரி டீச்சர். அவரிடம் வேலை பழகும் சீடர்களுக்கு அவர் சொல்தான் வேதவாக்கு. அவரைவிடப் பத்து வயது மூத்த பாண்டுரங்கனுக்கும்தான்.

புதுப் பதிப்பு வெளியாகும் நாளில் டீச்சர் கையால் சமைத்து எல்லாருக்கும் இலை போடுவார். அன்றைக்கும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் லேப்டாப்போடு அடுப்படிக்கே போய்விட்டார்.

"பழைய போன்கள்ல நம்ம கீபோர்டு அப்படியே உறைஞ்சு போகுது டீச்சர். சனங்க எரிச்சல்பட்டு அழிச்சிட்டுப் போறாங்க. எங்க உறையுதுன்னு அந்தந்த போனே நமக்குச் சேதி அனுப்புற மாதிரி எழுதிட்டேன்."

"அவங்களைக் கேட்டுட்டுத்தான் அனுப்புதா?"

"பேர் எடுக்கல, எழுதுறதை எடுக்கல. நான் எழுதின புரோகிராமும் திறந்தேதான கிடக்கு? பிடிக்கலைன்னா செட்டிங்ஸ்ல போய் நிறுத்திக்கட்டும்."

"கேட்டீங்களான்னு கேட்டேன்."

"கேட்டா முக்கால்வாசிப் பேர் வேண்டாம்பாங்க டீச்சர்! அப்புறம் கோளாறை எப்படிக் கண்டுபிடிக்க?"

ஆறு மாத உழைப்பு. இந்தப் பதிப்பிலாவது சரியாகாவிட்டால் கிறுக்கலே காணாமல் போய்விடும் என்று மனுஷனுக்குப் பயம்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றார் டீச்சர்.

சாப்பாடு அமிர்தம். பாகற்காய்ப் பொரியல் மட்டும் பாண்டுரங்கனுக்கு ஜென்மப் பகை. டீச்சர் மனசு நோகுமே என்று அதைச் சோற்றுக்குள் புதைத்து, இலையைச் சட்டென்று மடித்துவிட்டு எழப் போனார்.

டீச்சர் குனிந்து அந்த இலையைப் பிரித்தார். சோற்றைக் கிளறினார். பந்தியே பார்த்தது. புதைத்த பாகற்காய் அத்தனையும் வெளியே வந்தது.

பாண்டுரங்கனுக்கு மானம் போய்விட்டது. "ஐயோ, என்ன டீச்சர் இது?"

"எது பிடிக்கலைன்னு தெரிஞ்சாத்தான அடுத்த தடவை நல்லா சமைக்கலாம்? உங்க பேரை எங்கயும் குறிச்சுக்கல."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா காட்ட மாட்டீங்களே. அதான் கேக்கல."

பாண்டுரங்கனுக்குச் சுருக்கென்று உறைத்தது. கோபம் வரவில்லை. இந்தப் பொம்பளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. கையைக் கழுவிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தார். கீபோர்டு முதன்முதலில் திறக்கும்போதே கண்ணில் படுகிற மாதிரி ஒரு கேள்வி வைத்தார்: ‘உங்கள் போனில் இது எங்கே உறைகிறது என்று எங்களுக்குத் தெரிவிக்கலாமா?’ ‘சரி’ என்று தொட்டால் ஒழிய எதுவும் போகாது.

வைத்துவிட்டாரே தவிர, மனசு ஆறவில்லை.

"எல்லாருமே வேண்டாம்னுட்டா என்ன டீச்சர் பண்றது?"

டீச்சர் பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மடிச்ச இலையை மடிச்சபடியே எடுக்கிறது" என்றார்.