திடுக்கிட்டவனுக்கே பரிவட்டம்

கொக்குளப்பட்டியில் நான்கு புத்திசாலிகள் இருந்தார்கள். இதைச் சொன்னது அந்த நான்கு பேர்தான். ஊரில் மற்றவர்களை யாரும் கேட்கவில்லை.

மூத்தவன் சேவுகன். யோசிக்கிற வேலை அவனுடையது. வெள்ளைக்கண்ணு சந்தேகப்படுவான். உலகப்பன் தூங்குவான். பஸ் படிக்கட்டில் தூங்குவான், கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் தூங்குவான். நான்காவது ஆள் மாயழகு, ஊரின் வில்லுக்காரன்.

வில்லுக்காரனுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலை. நவராத்திரி முடிவில் வரும் மகர்நோன்பு அன்று சாயங்காலம் சாமி பொட்டலுக்கு வந்து நின்றதும், அங்கே நட்டு வைத்திருக்கும் வாழைமரத்தில் அம்பு போட வேண்டும். பட்டால் சாமியின் துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். முந்தின வருஷம் அம்பு ஐஸ் வண்டியில் பட்டது. அதற்கும் முந்தின வருஷம் தவில் கிழிந்தது. இந்த வருஷமும் தவறினால் வில் பக்கத்து ஊரான மேலமருதிக்குப் போய்விடும் என்று இரண்டு ஊரும் பேசி முடித்திருந்தன. வில் போனால் மாயழகுக்கு இந்தப் பூமியில் வேறு வேலை கிடையாது. கவலையில் சோறு இறங்காமல் ஒரு நாளைக்கு மூன்று வேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"குத்தம் உன் மேல இல்ல மாப்ள, உன் விரல் மேல," என்றான் சேவுகன். "நாணை விடுற நேரத்துல அதுக்கு விட மனசு வரல. மதுரையில ரிலீஸ்னு ஒண்ணு விக்கிறாங்களாம். மணிக்கட்டுல பட்டை, பட்டையில ஒரு கொக்கி. கொக்கியை நாணுல மாட்டி இழுக்கணும். விசையைத் தொட்டா கொக்கி தொறந்து நாணை விட்டுரும். விரலுக்கு மனசே தேவையில்ல."

கடைக்குப் போன் போட்டார்கள். "கைக்குப் பொருந்துறதா பார்த்து எடுக்கணும். கை அளவோட வாங்க," என்றார் கடைக்காரர்.

மாயழகின் கையைச் சேவுகன் வீட்டுக் கதவில் வைத்துக் கரியால் வரைந்தார்கள். கதவைக் கழற்றினார்கள். பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"என்னய்யா இது, கதவா?" என்றார் கண்டக்டர்.

"கதவு இல்லீங்க, கை அளவு," என்றான் வெள்ளைக்கண்ணு.

கடைக்காரர் கரிக்கோட்டைப் பார்த்தார். "இந்தக் கைக்காரர் வரலையா?"

"நான்தாங்க," என்றான் கதவைத் தலையில் சுமந்துகொண்டிருந்த மாயழகு.

கடைக்காரர் கொஞ்ச நேரம் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு சாமான்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். இன்னொன்றை ஆள்காட்டி விரலால்.

"கட்டைவிரல் வேணாம்," என்றான் சேவுகன். "தேய்ஞ்சு போனா ரேஷன் கடை மெஷின் நம்மள ஆளே இல்லைன்னு சொல்லிரும்."

"ஆள்காட்டி விரல்லதான ஓட்டு மை வைக்கிறாங்க?" என்றான் வெள்ளைக்கண்ணு.

"அது இடது கையிடா. இது வலது கை. சர்க்காருக்கு ஒண்ணு, சாமிக்கு ஒண்ணு."

அப்படி ஆள்காட்டி விரல் ஜெயித்தது. கடைக்காரர் பட்டையை மாயழகு கையில் கட்டிவிட்டுச் சொன்னார்: "ஊருக்குப் போனதும் வில்லைத் தொடாதீங்க. முதல்ல கயித்துல ஒரு வளையம் போட்டு, அதுல மாட்டி இழுத்து விட்டுப் பழகுங்க. விசையை வெடுக்குன்னு அமுக்கக் கூடாது. அம்பு எப்பப் போகும்னு உங்களுக்கே தெரியக் கூடாது. போறப்ப நீங்களே திடுக்கிடணும். அப்பத்தான் குறி தப்பாது."

ஊரில் நல்ல கயிறு கிணற்றில்தான் இருந்தது. அதில் வளையம் போட்டு, கொக்கியை மாட்டி, வாளி மேலே வரும்வரை இழுத்து, மாயழகு விசையை அமுக்கினான். வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போனது. இன்னொரு கயிறும் இன்னொரு வாளியும் கேட்டு வாங்கினார்கள். மூன்றாம் நாள் தெருவில் வாளி இல்லை. கிணற்றில் வாளிகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது.

"பழகிட்டேன் அண்ணே, ஆனா ஒரு தடவைகூடத் திடுக்கிடல," என்று அழாத குறையாகச் சொன்னான் மாயழகு. "என் விரல்தான அமுக்குது? அது என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாமப் போகுமா? சின்ன வயசுலேருந்து ஒண்ணா இருக்கோம்."

சேவுகன் யோசித்தான். நெற்றி நரம்பு புடைத்தது.

"நான் அமுக்குறேன், மாப்ளைக்குத் தெரியாது," என்றான் வெள்ளைக்கண்ணு.

"உனக்குத் தெரியுமே. உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். சீட்டாட்டத்துல ராஜா வந்தாலே உன் காது ஆடுது."

"அப்ப நீங்க என்னையக் கிள்ளுங்க. கிள்ளுனதும் அமுக்கிர்றேன்."

"கிள்ளப் போறது எனக்குத் தெரியும்லடா. எனக்குத் தெரிஞ்ச விஷயத்த நான் எப்ப வெளிய சொல்லாம இருந்திருக்கேன்?"

வெள்ளைக்கண்ணு தலையாட்டி ஒத்துக்கொண்டான்.

"ஒண்ணுமே தெரியாத ஒருத்தன் வேணும்," என்றான் சேவுகன். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினான். மற்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். தவிட்டு மூட்டை மேல் உலகப்பன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

விசையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை உலகப்பனின் கால் பெருவிரலில் முடிந்தார்கள். தூக்கத்தில் அவன் காலை அசைத்தால் நூல் விசையை இழுக்கும். அம்பு இல்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். உலகப்பன் ஆறு தடவை காலை அசைத்தான். ஆறு தடவையும் மாயழகு "ஐயோ!" என்று அலறினான். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மகர்நோன்பு வந்தது. பொட்டலில் இரண்டு ஊர்ச் சனமும் கூடியிருந்தது. நாணை இழுத்துப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்குமோ என்று மாயழகை இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தி, ஒரு கையை இந்தக் கம்பத்திலும் மறு கையை அந்தக் கம்பத்திலும் கட்டினார்கள். சேவுகன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அம்பு நேராக வாழைமரத்தைப் பார்க்கும்வரை கம்பங்களைத் தள்ளித் தள்ளி நட்டான். பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டார்கள். அதில் உலகப்பனைப் படுக்க வைத்து நூலைக் கட்டினார்கள்.

"என்னப்பா கூத்து இது?" என்றார் பூசாரி.

"தூங்கட்டும் சாமி. தூங்குனாத்தான் அம்பு போகும்," என்றான் சேவுகன்.

உலகப்பன் கண்ணை மூடினான். திறந்தான். புரளாமல் விறைத்துப் படுத்திருந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

"அண்ணே, ரெண்டு ஊரும் என் மூஞ்சியவே பார்த்தா எப்படிண்ணே தூக்கம் வரும்?"

சனத்தைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். திரும்பி நின்றது. மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். நின்றது. சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது. இருட்டுவதற்குள் அம்பு படாவிட்டால் வில் கைமாறிவிடும்.

"உலகப்பா, என் பொழப்பே உன் கால்லதாண்டா இருக்கு," என்று கம்பங்களுக்கு நடுவிலிருந்து கெஞ்சினான் மாயழகு. "கொஞ்சம் தூங்குடா, ராசா!"

மேலமருதித் தலைவர் ராக்கப்பன் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, உலகப்பன் தூங்கிவிடாதபடி அடிக்கடி இருமிக்கொண்டிருந்தார்.

பெண்கள் தாலாட்டு ஆரம்பித்தார்கள். நாயனக்காரர் மெல்லிசாக நீலாம்பரி ராகம் வாசித்தார். முதலில் கைக்குழந்தைகள் தூங்கின. அப்புறம் தாலாட்டிய பெண்கள். காலையிலிருந்து சாமி தூக்கிய ஆட்கள் பல்லக்குத் தண்டில் சாய்ந்தபடி தூங்கினார்கள். பூசாரி தட்டோடு தூங்கினார். ராக்கப்பன் பாதி இருமலில் தூங்கிப்போனார். வெள்ளைக்கண்ணு சேவுகன் தோளிலும், சேவுகன் கட்டில் காலிலும் சாய்ந்தார்கள். மாயழகு கம்பங்களில் ஈரவேட்டி மாதிரி தொங்கியபடி குறட்டை விட்டான்.

தடக்!

பொட்டலே தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. வாழைமரத்தின் நட்டநடுவில் அம்பு நிற்க, மரமே ஆடிக்கொண்டிருந்தது. மேற்கே சூரியன் இன்னும் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

"வில்லு நம்மளுக்குத்தான்!" என்று கொக்குளப்பட்டி கத்தியது. கட்டவிழ்த்து விடப்பட்ட மாயழகு கீழே விழுந்து அழுதான்.

பூசாரி பரிவட்டத்தை எடுத்தார். "சரி, அம்பு போட்டது யாரு?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சாமி!" என்றான் மாயழகு பெருமையாக. "அப்படியே திடுக்கிட்டுட்டேன்."

"நானும்தான் திடுக்கிட்டேன்," என்றான் வெள்ளைக்கண்ணு.

சேவுகன் முன்னால் வந்தான். "மதுரைக்காரர் தெளிவாச் சொல்லியிருக்காரு சாமி. எவனுக்கு அம்பு போறது தெரியலையோ, எவன் திடுக்கிட்டானோ, அவன்தான் ஒழுங்கா அம்பு போட்டவன். பார்த்துச் செய்யுங்க."

ராக்கப்பன் தரையிலிருந்து எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அப்படிப் பார்த்தா, நான் நாற்காலியோடயே விழுந்தேன்," என்றார்.

அதற்கு மேல் யாரையும் நிறுத்த முடியவில்லை. இரண்டு ஊரும் வரிசையில் நின்றன. பூசாரி பரிவட்டத்தை நூல் நூலாகக் கிழித்து ஒவ்வொரு தலையாகக் கட்டினார். குழந்தைகளுக்குக் கட்டினார். நாயனக்காரருக்குக் கட்டினார். தானும் திடுக்கிட்டதை யோசித்துப் பார்த்துத் தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் உலகப்பன் வந்து நின்றான்.

"நீ எப்படா முழிச்ச?" என்றான் சேவுகன்.

"நான் தூங்கவே இல்லண்ணே. கால்ல கொசு கடிச்சுச்சு, சொறிஞ்சேன். அம்பு போச்சு. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியும்?"

"தெரியும்ணே."

"திடுக்கிடல?"

"இல்லண்ணே."

சேவுகன் வருத்தத்தோடு பூசாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பூசாரி கையில் மிச்சமிருந்த கடைசி நூலை வாழைமரத்தில் கட்டினார். ஊர் முழித்தபோது அதுவும் திடுக்கிட்டு ஆடிக்கொண்டுதான் இருந்தது.

உலகப்பன் தலைகுனிந்து நின்றான். "தப்புதாண்ணே," என்றான். "அடுத்த வருஷம் கண்ணு முழிக்காமப் போட்டுர்றேன்." சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்து, அங்கேயே பயிற்சியை ஆரம்பித்தான்.