காய்க்காத மரத்துப் பழம்

“மேடம், அந்த ஒரு மரத்தை மட்டும் பிடுங்கிடட்டுமா?”

கேட்டவர் திருமேனி. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை உதறிவிட்டு, ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராகப் பப்பாளித் தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை ரெஜினா அவரைவிட இளையவர். அதனால் இருவரும் மரியாதையோடுதான் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

“எந்த மரம் சார்?”

“வேலியோரம் நிக்குதே, அது. நாளைக்குத் தேர்வாளர் தோட்டத்தைச் சுத்திப் பார்க்க வர்றார். அவர் கண்ணுல பட்டா என் பட்டம் போச்சு.”

பப்பாளிக் கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. அதனால் விவசாயி குழிக்கு மூன்று கன்று வைத்து, மாதக்கணக்கில் தண்ணீர் விட்டு, பூத்தபின் ஆணையெல்லாம் பிடுங்கி எறிவான். திருமேனிக்கு அது பொறுக்கவில்லை. முளைத்ததுமே ஓர் இலையைக் கிள்ளிச் சோதித்து, இது ஆண், இது பெண் என்று சொல்லிவிடும் வழியைக் கண்டுபிடித்தார். ஆண் என்று சொன்னால் ஆண்தான், அது காய்க்கவே காய்க்காது என்பது அவர் விதி. ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார். பாவம், எழுதும் மும்முரத்தில் கொஞ்ச நாளாகத் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

இருவரும் வேலியோரம் போனார்கள்.

ஆண் மரம்தான். பூங்கொத்துகள் நீளமாகத் தொங்கின. ஒரு காம்பின் நுனியில் மட்டும் மஞ்சளாக ஒரு பழம்.

“வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழி உடைஞ்ச கதையா ஆயிடுச்சு மேடம்.”

“சோதிச்சதுல தப்பு இருக்குமோ?”

“மறுபடியும் சோதிச்சுட்டேன். ஆண்தான்.”

“ஆண் காய்க்காது இல்லையா?”

“காய்க்காது.”

ரெஜினா பழத்தைப் பறித்தார். ஒட்டுக்கட்டும் சின்னக் கத்தியால் கீறி, ஒரு துண்டை நீட்டினார்.

“காய்க்காத மரத்துப் பழத்தை இதுவரைக்கும் யாரும் தின்னிருக்க மாட்டாங்க. நீங்கதான் முதல் ஆள். சாப்பிடுங்க.”

திருமேனிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஆசிரியை கொடுத்ததை மறுக்க முடியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

“எப்படி இருக்கு?”

“இனிக்குது,” என்றார் எரிச்சலோடு.

ரெஜினாவும் ஒரு துண்டைத் தின்றார். அவசரமே இல்லாமல் தின்றார்.

“இதுக்கு முன்னாடி இந்த மாதிரி மரம் வந்ததில்லையா சார்?”

“வந்ததுண்டு. பூவே கொஞ்சம் வித்தியாசமா இருக்கும். பக்கத்துத் தோட்டத்து விதை கலந்திருக்கும்னு, கலவன் கணக்குல சேர்த்து அப்பப்ப பிடுங்கிடுவேன். எல்லாப் பண்ணையிலயும் செய்யறதுதானே?”

“பிடுங்கறதுக்கு முன்னாடி அதுங்களை மறுபடி சோதிச்சீங்களா?”

“கலவனை எதுக்கு மேடம் சோதிக்கணும்?”

“அதெல்லாம் காய்ச்சிருக்குமா?”

“எங்க காய்க்கும்? நான்தான் காய்க்கறதுக்குள்ள பிடுங்கி...”

கையிலிருந்த தோலைப் பார்த்தபடி நின்றார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், சின்ன வயதில் முதன்முதலாகப் பூதக்கண்ணாடி கையில் கிடைத்தபோது வந்த சந்தோஷமும் இருந்தது. அதுதான் அவருக்கே ஆச்சரியம்.

“பிடுங்கணும்னா ஆளைக் கூப்பிடவா சார்?” என்றார் ரெஜினா.

“யாராவது இதைத் தொடட்டும், அப்புறம் இருக்கு.”

மறுநாள் காலை தேர்வாளர் வந்தார். ஆய்வேட்டைப் படித்து மகிழ்ந்துபோய் வந்திருந்தார். வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினார்.

திருமேனி அந்தக் கையைப் பிடித்தார். விடவில்லை. வரிசைகளைத் தாண்டி வேலியோரத்துக்கே அழைத்துக்கொண்டு போனார்.

தேர்வாளர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். பூவைப் பார்த்தார். பழம் பறித்த காம்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“என்னங்க இது? ஆணா, பெண்ணா?”

ரெஜினா திருமேனியின் பக்கம் திரும்பினார்.

“தெரியலை சார்,” என்றார் திருமேனி. “ஆணும் காய்க்கலாம்னு காட்ட வந்த மரத்தையெல்லாம் இத்தனை நாளா பிடுங்கிப் போட்டுட்டேன். பட்டம் கிடக்கட்டும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் கொடுங்க.”