அம்மான் பச்சரிசி பாதையோரம் வந்த கதை

செடிகொடிகள் பேசிக்கொண்டும், பிடித்த இடத்துக்கு நடந்துபோய் வேரூன்றிக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரையில் ஒரு செடி இருந்தது. இடுப்பளவு உயரம், பச்சைத் தண்டு, காலடியில் எப்போதும் குளிர்ந்த மண். அதற்குப் பேரில்லை. குறையும் இல்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஆற்றைத் தாண்டி ஒரு நாள் நடையில் இருந்த ஊரில் பாவாயி என்பவள் பிள்ளை பெற்றாள். அவள் புருஷன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போயிருந்தான். கஞ்சிக்கு வழியில்லாமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டதென்று கேள்விப்பட்ட அவள் அண்ணன் செங்கோடன், வீட்டில் மிச்சமிருந்த ஒரு பிடி பச்சரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பினான். இரண்டு நாள் பட்டினியாக நடந்தவன், ஆற்றங்கரைக்கு வந்ததும் சுருண்டு விழுந்தான்.

முடிச்சில் இருக்கிற அரிசியைத் தின்றுவிட்டு எழுந்து போகச் சொன்னது செடி.

"இது அரிசி இல்லை. என் மருமகன் குடிக்கப்போகிற பால்" என்றான் அவன்.

தங்கை வீட்டுக்கு வழி சொல்லி, யாராவது கொண்டுபோய்க் கொடுப்பீர்களா என்று கேட்டான். தன் வேர் ஆழமாக இறங்கிவிட்டது என்றது மருதமரம். நாணல் தண்ணீரை விட்டு நகர முடியாது என்றது. காய்ந்த மண் எப்படியிருக்கும் என்றே செடிக்குத் தெரியாது. ஆனாலும் அது வேரை உருவிக்கொண்டு வந்து, "என் இலைக்கணுவில் வை" என்றது.

பாதை கொதித்தது. மாடுகள் மிதித்தன, மனிதர்களும் மிதித்தார்கள். அரிசி சிந்திவிடக் கூடாதென்று ஒவ்வொரு மிதிக்கும் செடி தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. தண்டு வெயிலில் சிவந்தது. பாவாயியின் வாசலுக்கு வந்தபோது அது ஒரு சாண் உயரம்தான் இருந்தது. அரிசியோ கணுக்களில் ஒட்டிப்போய், பிரித்தெடுக்க வரவில்லை.

செடி பிள்ளையைப் பார்த்தது. "உன் அம்மான் கொடுத்த பச்சரிசி" என்றது. தன்னையும் சேர்த்துக் கிள்ளிக்கொள்ளச் சொன்னது.

பாவாயிக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளை அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. நுனியைக் கிள்ளினாள். கிள்ளிய இடத்தில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. கீரையும் அரிசியுமாக வேகவைத்துக் குடித்தாள். பொழுது சாய்வதற்குள் மார்பு கனத்தது. பிள்ளை வயிறு நிறையக் குடித்து, வாயோரம் பால் வழிய அப்படியே தூங்கிப்போனது.

அண்ணன் கரையில் விழுந்து கிடப்பதைச் செடி சொல்ல, மறுநாள் மிச்சக் கஞ்சியோடும் பிள்ளையோடும் அவள் ஆற்றுக்கு நடந்தாள். ஊற்றுத் தண்ணீரைக் குடித்து உயிர் வைத்திருந்தான் செங்கோடன். பிள்ளையை மடியில் போட்டதும், கஞ்சியைக் கூடத் தொடாமல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு வந்து சேர்ந்ததும், கரைக்கே திரும்பிப் போய்விடு என்று செடியிடம் பாவாயி சொல்லிப் பார்த்தாள். நடக்கிறவர்கள் போகிற வழியிலேயே இருந்துகொள்கிறேன் என்றது அது.

அந்த நாளிலிருந்துதான் அம்மான் பச்சரிசி, கணுக்கணுவாய் அரிசி கட்டிக்கொண்டு, பாதையோரத்திலும் படிக்கல் இடுக்கிலும் தரையோடு முளைக்கிறது. பிள்ளை பெற்றவளுக்காக அதைத் தேடி யாரும் தூரம் போக வேண்டியதில்லை.