போய் வந்த டிஸ்க்

கனி டீச்சருக்கு ஒரே ஒரு சீடர். அவரும் டீச்சரைவிட வயதில் மூத்தவர்.

திவான் மைதீன் பாய்க்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சவூதியில், தம்மாமில் நெடுங்காலம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், கனி டீச்சர் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் வகுப்பு முடிந்து போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை. டீச்சர் எந்த ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்பார்.

அன்று காலை அவர் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு பாஸ்போர்ட்டும் இருந்தது.

"மறுபடியும் போறேன் டீச்சர். விசா வந்துட்டு. மதியத்துக்குள்ள தென்காசி ஏஜென்ட்கிட்ட பாஸ்போர்ட்டைக் கொடுத்திரணும்."

"வீட்டுல சொல்லியாச்சா பாய்?"

"சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?"

டீச்சருக்குக் கதை தெரியும். தெருவுக்கே தெரியும்.

பாய் வெளிநாடு போனபோது மகள் ருகையா சின்னப் பிள்ளை. பொம்மை ஸ்டெதஸ்கோப்பை ஆட்டுக்குட்டியின் நெஞ்சில் வைத்து, "நான் டாக்டர்" என்பாள். அந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டுதான் மனிதர் அத்தனை வெயிலையும் தாண்டினார். திரும்பி வந்தால் அவள் பத்தாவது முடித்து, காமர்ஸ் குரூப்பில் சேர்ந்திருந்தாள். பாய் யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போய், மகளை பயாலஜி குரூப்புக்கு மாற்றிவிட்டு, கையில் அல்வாவோடு வீட்டுக்கு வந்தார். பிள்ளை துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தார், பாவம்.

மறுநாள் அவர் மனைவி மைமூன் போய்ப் பழையபடி காமர்ஸுக்கே மாற்றிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ருகையா வாப்பாவிடம் பேசுவதில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "உம்மா, வாப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள்.

"ஒரே வீட்டுக்குள்ள எனக்குத் தபால் மைமூன் வழியா வருது டீச்சர்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

டீச்சர் கருவிப் பையை எடுத்துத் தோளில் போட்டார். தென்காசி போகிற வழியில் பார்வையில்லாத பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றும், அதை ஒட்டி ஓர் ஒலிநூலகமும் உண்டு. அங்கே பாடங்களைச் சேர்த்து வைத்திருக்கும் சர்வரில் ஏதோ கோளாறு என்று காலையிலேயே போன் வந்திருந்தது.

"போற வழிதானே. இதை முடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க பாய்."

ஒலிநூலகத்தின் பொறுப்பாளர் கோமதிநாயகம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நேத்து சாயங்காலம் கரண்ட் போயி வந்துது டீச்சர். காலையில பெட்டியைப் போட்டா, இந்த வருசத்துப் பாடம் ஒண்ணுகூட இல்ல. பன்னண்டாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம், கார்த்திகையிலதான் கைக்கு வந்துது. ஊர்ல உள்ளவங்க வந்து வந்து வாசிச்சு ரெக்கார்டு பண்ணிக் கொடுத்தது. திங்கக்கிழமை பரீட்சை. பிள்ளைங்க காதுல மாட்டிக்கிட்டு எதைக் கேக்கும்?"

"பழைய பாடம் இருக்கா?"

"அது அத்தனையும் இருக்கு."

மைதீன் பாய் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதி வைக்கும் ஏற்பாடு. ஒன்று படுத்துவிட்டாலும் இன்னொன்று தாங்கும். இரண்டும் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கவேண்டும். இப்போது இல்லை.

பாய் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"தெரிஞ்சுபோச்சு டீச்சர். மேல உள்ள டிஸ்க் நல்லா ஓடுது. ஒரு குத்தம் குறை கிடையாது. கீழ உள்ளதுதான் ஜோடியை விட்டு விலகி நிக்குது. மேல உள்ளதை அப்படியே கீழ இறக்கிட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். அப்புறம் பாடத்தைத் தேடுவோம்."

கை விசைப்பலகைக்குப் போய்விட்டது.

"கையை எடுங்க பாய்."

டீச்சர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பாய் சட்டென்று எடுத்துவிட்டார்.

"எது நல்லா ஓடுதுன்னு பாத்தீங்க. சரி. எது கடைசியா எப்போ எழுதுச்சுன்னு பாத்தீங்களா?"

பாய் பார்த்தார். மேலே உள்ள டிஸ்க் போன ஐப்பசி வரைக்கும் எழுதியிருந்தது. அதோடு நின்றுவிட்டது. பிறகு இன்று காலைதான் மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறது. கீழே உள்ளதைப் பார்த்தார். அது ஐப்பசியிலும் எழுதியிருந்தது, அதற்குப் பிறகும் எழுதியிருந்தது, நேற்று கரண்ட் போகும் வரைக்கும் எழுதியிருந்தது.

கோமதிநாயகம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மழை நேரத்துல இதுல சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சுது டீச்சர். பாக்க நல்லாத்தான் இருந்துது. அப்படியே விட்டுட்டேன்."

டீச்சர் கையை உள்ளே விட்டு மேல் டிஸ்க்கின் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். லேசாக ஆடியது. நன்றாக அழுத்திவிட்டார்.

"அப்பவே இது கழண்டுபோச்சு. கீழ உள்ளது தனியாவே எல்லாத்தையும் பாத்துக்கிட்டு வந்திருக்கு. காலையில பெட்டியைப் போட்டதும் இது முழிச்சுக்கிட்டு, நான்தான்னு முன்னால வந்து நின்னுட்டு. கீழ உள்ளதை ஒதுக்கிட்டு."

பாய் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். ஒரு விசை. அதைத் தட்டியிருந்தால் பிள்ளைகளின் ஒரு வருடம் துடைத்துக்கொண்டு போயிருக்கும்.

"இத்தனை மாசம் தான் இல்லன்னு இதுக்குத் தெரியாதா டீச்சர்?"

"எப்படித் தெரியும்? அதைப் பொறுத்தவரைக்கும் கண்ணை மூடித் திறந்திருக்கு, அவ்வளவுதான். தான் எங்க விட்டுச்சோ அங்கேயே எல்லாம் நிக்குதுன்னு நினைச்சுக்கிடும்."

பாய்க்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே விளங்கவில்லை.

"பிடுங்கிப் போட்டிருவோம் டீச்சர் இதை. வேற புதுசு மாட்டுவோம்."

"எதுக்கு?"

"பொய் சொல்லிட்டுல்லா?"

"பொய் சொல்லல பாய். தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுச்சு."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோமதிநாயகத்திடம் திரும்பி, "இன்னைக்குக் காலையில யாராவது வந்து வாசிச்சாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு அக்கா வந்தாங்க. பொருளாதாரத்துல கடைசிப் பாடம் பாக்கி இருந்துது. கரண்ட் போகுமோ போகுமோன்னு பயந்து பயந்து வாசிச்சு முடிச்சாங்க."

"அது இந்த மேல் டிஸ்க்குலதான் இருக்கு. கீழ உள்ளதுல கிடையாது."

டீச்சர் முதலில் அந்த ஒரு பாடத்தை எடுத்துப் பத்திரமாகத் தனியே வைத்தார். அது சரியாக இருக்கிறதா என்று காதில் மாட்டிக் கேட்டார். பாயிடமும் கொடுத்தார். யாரோ ஒரு பெண், மூச்சு வாங்க, வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தது வெறுங்கையோட வரலல்லா. கொண்டுவந்ததை வாங்கி வச்சுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம்."

பிறகு கீழ் டிஸ்க்கில் இருந்ததை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தார். எடுத்து முடித்ததும் கீழ் டிஸ்க்கை முன்னால் கொண்டுவந்து, தனியே வைத்திருந்த பாடத்தை அதில் சேர்த்தார். கடைசியாகத்தான் கீழிருந்து மேலுக்கு எழுதச் சொல்லி விசையைத் தட்டினார்.

அடுத்த அறையில் பிள்ளைகள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி, "வந்துட்டு, பாடம் வந்துட்டு" என்றாள். கோமதிநாயகம் டீ சொல்ல ஓடினார்.

திரையில் சதவீத எண் ஒன்றாயிற்று. வெகுநேரம் கழித்து இரண்டாயிற்று. பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மேல் டிஸ்க்குல இருந்த பழசெல்லாம் அழிஞ்சிருமா டீச்சர்?"

"அது மேலதான் எழுதுது."

"அதுக்கு மிச்சம் ஒண்ணுமே இருக்காதா?"

அந்தக் குரல் டீச்சருக்குப் புதிது. திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணா இருந்த காலத்துல எழுதினது ரெண்டுலயும் உண்டு பாய். அது எங்கயும் போகல. கீழ உள்ளதுலயும் அப்படியே இருக்கு. அதுக்கு மேல புதுசு சேந்திருக்கு, அவ்வளவுதான்."

பாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். டீ வந்தது. குடித்தார்களா என்றால் டீச்சர் குடித்தார்.

பாயின் சட்டைப் பையில் பாஸ்போர்ட்டை ஒட்டி போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். ஏஜென்ட். எடுக்கவும் இல்லை, கட் பண்ணவும் இல்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"ரெண்டும் ஒண்ணாக எவ்வளவு நேரம் ஆகும் டீச்சர்?"

"மெதுவாத்தான் ஆகும். பிள்ளைங்க கேட்டுக்கிட்டு இருக்காங்கல்லா. அவங்களுக்குத் தொந்தரவு இல்லாம, நடுநடுவுல கிடைக்கிற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமாத்தான் அது வாங்கிக்கிடணும்."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

"பாதியில கழட்டிட்டா?"

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"கழட்டலாம் பாய். ஆனா அடுத்த தடவை வரும்போது இன்னும் பழசாகித்தான் வரும்."