கொக்கின் கால் நிறம்

வெட்சி மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"இந்தப் பாட்டை நான் நடத்தமாட்டேன், ஆசானே. பிள்ளைகள் வருவதற்குள் கிளம்புகிறேன்."

ஆசான் நீலி அவளைவிடப் பத்து வயது இளையவள். தன் சிஷ்யையானாலும் வெட்சியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாட்டு என்ன பாவம் செய்தது, அக்கா?"

"விட்டுப்போனவனைப் பற்றித் தலைவி சொல்கிற பாட்டு. கருங்கால் கொக்கு கெண்டையைக் கவ்வி நிற்கிறதாம், பின்னால் மருதம் பூத்திருக்கிறதாம், அந்த ஊர்க்காரனாம் அவன். உரைகாரர் என்ன சொல்கிறார்? கொக்கு தலைவன், மீன் தலைவி! பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். எந்தப் பாட்டை எடுத்தாலும் அவன் பறக்கிறவன், மிதிக்கிறவன், தின்கிறவன். அவள் மட்டும் மீன், பூ, கரும்பு. என்ன நியாயம் இது? புருஷன் என்கிற ஒருவனின் அலகில் எட்டு வருஷம் கிடந்துவிட்டு வந்தவள் நான். சின்னப் பெண்களிடம் 'நீங்கள் மீன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது."

"சரி. குளம்வரை வாருங்கள். அங்கிருந்தே நீங்கள் போய்விடலாம்."

வெட்சி மூட்டையோடு நடந்தாள்.

குளத்தில் பனி இன்னும் கலையவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று பிரியாத வெள்ளை. அதற்குள் ஒரு கொக்கு, யாரோ கனவில் மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் நின்றது.

"முங்குங்கள், அக்கா. மீன் இருக்கிற இடத்திலிருந்து கொக்கின் கால் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்."

"விளையாடுகிறீர்களா?"

"கிளம்புகிற ஆள்தானே. நனைந்தால் என்ன?"

வெட்சி மூட்டையைக் கரையில் போட்டுவிட்டு முங்கினாள். பச்சை. அதற்கும் கீழே இருட்டு. தலைக்கு மேல் வெளிச்சம் உடைந்து உடைந்து ஆடியது. காது நிறைய மௌனம். மூச்சு முட்டி எழுந்தாள்.

"கால்?"

"ஒன்றும் தெரியவில்லை."

"பூத்த மருதம்?"

"தண்ணீருக்குள் ஏது மரம்? அதான் ஒன்றும் தெரியவில்லை என்கிறேனே!"

கொக்கு எழும்பியது. உடல் முதலில் பனியில் கரைந்தது. பின்னால் நீண்ட கரிய கால்கள் கடைசியாக மறைந்தன. வெட்சி இடுப்பளவு நீரில் நின்று அதையே பார்த்தாள்.

பாடம் நடக்கும் மரத்தடியிலிருந்து பிள்ளைகளின் ராகம் வந்தது. "கொக்கு தலைவன், மீன் தலைவி..."

நீலி கைகொடுத்து அவளைக் கரையேற்றினாள்.

"கால் கருப்பு என்று பாட்டில் தலைவி சொன்னாளே, அவள் எங்கே நின்றிருந்தாள், அக்கா?"

வெட்சி தன் காலடியில் இருந்த கரையைக் குனிந்து பார்த்தாள். தலை துவட்டத் துணி வேண்டியிருந்தது. மூட்டையை அவிழ்த்தாள்.